படுத்திருப்பவர் காலில் விழக் கூடாது

1

இந்தக் கதை பல் டாக்டரிடம் காத்திருந்தபோது கிடைத்தது. பக்கத்து நாற்காலிக்காரர் போனில் யாரையோ அதட்டினார்: "படுத்திருக்கறவர் கால்ல விழாதடா! அது செத்தவங்களுக்குப் பண்றது." எனக்குப் பல்வலியே மறந்துவிட்டது. வாழ்த்த மனமில்லாத ஒருவர் இதையே சாக்காக வைத்துப் படுத்துக் கிடந்தால்?

2

அந்த அறையில் மெல்லிய இருள்... [வேண்டாம். பட்டப்பகல்.]

யாரையும் கேட்காமல் பதிவுத் திருமணம் செய்துகொண்ட மகள், புருஷனோடு முதல்முறை வீட்டுக்கு வருகிறாள். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே அப்பா கட்டிலில் காலை நீட்டிவிட்டார்.

"இடுப்பு வலி. எழுந்திருக்க முடியாது."

"காலையில மாடியேறித் தண்ணித் தொட்டியப் பாத்துட்டு வந்தீங்களே?" என்றாள் அம்மா.

"அதனாலதான் வலி."

மகளுக்கு அழுகை முட்டியது. அப்பாவின் ஆசி இல்லாமல் திரும்புவதில்லை என்றுதான் வந்திருந்தாள்.

3

மருமகனை முதலில் வங்கி அதிகாரியாக்கியிருந்தேன். தங்கமான பிள்ளை, ஆனால் சும்மாவே உட்கார்ந்திருந்தான். அந்த வரியை அடித்துவிட்டு எலக்ட்ரீஷியனாக்கினேன்.* உடனே அவன் கண் மேலே போனது.

"ஃபேன் எத்தன நாளா மாமா இப்படிக் கத்துது?"

"ரொம்ப நாளா. தூக்கமே போச்சு," என்று அசந்து சொல்லிவிட்டார்.

"கட்டில நகர்த்தணும். கொஞ்சம் எழுந்துக்கறீங்களா?"

முனகிக்கொண்டே எழுந்து சுவரோரம் நின்றார்.

(*மின்விசிறியும் அப்போதுதான் வந்தது. இரண்டாம் பகுதியில் தேடாதீர்கள்.)

4

முதல் பிரதியில், எழுந்தவர் காலில் மருமகன் அப்படியே விழுந்துவிட்டான். எனக்கே கூச்சமாகிவிட்டது. ஏமாற்றி வாங்கினால் அது ஆசியா?

ஆகவே அவன் ஃபேனை நிறுத்தி, ஸ்டூலில் ஏறி, தளர்ந்த திருகாணியை முடுக்கி, இறங்கி, சுவிட்சைப் போட்டான். சத்தமே இல்லை. கட்டிலைப் பழைய இடத்துக்குத் தள்ளினான்.

"முடிஞ்சுது. படுத்துக்கங்க மாமா."

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். மேலே பார்த்தார். மகளைப் பார்த்தார். [இரண்டு முறை படுக்க வைக்கப் பார்த்தேன். ஆள் அசையவில்லை.]

பிறகு எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மனைவியிடம் எரிந்து விழுந்தார்:

"என்ன வேடிக்க பாத்துட்டு நிக்கற? பக்கத்துல வந்து நில்லு. பிள்ளைங்க எவ்வளவு நேரம் காத்திருக்கும்?"

5

இருவரும் சேர்ந்து விழுந்து வணங்கினார்கள். மகள் அழுதாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

என்ன சொல்லி வாழ்த்தினார் என்பதை நான் எழுதப்போவதில்லை. உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்களோ, அதையே இங்கே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் இன்னும் குனிந்தபடியே இருக்கிறார்கள்.

ஒன்றே ஒன்று: படுத்துக்கொண்டு படிக்கிறீர்கள் என்றால், கொஞ்சம் எழுந்து உட்கார்ந்து சொல்லுங்கள்.