கட்டத்துக்குள் ஒரு கழுதை

லயனல் ஸ்டாக்டேலை நாட்டில் யாருக்கும் பிடிக்காது. எதிர்க்கட்சித் தலைவரான நாளிலிருந்து கருத்துக்கணிப்பில் அவர் பெயர் பாதாளத்தில்தான் கிடக்கிறது. மனுஷன் வாயைத் திறந்தால் கேட்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். போதாக்குறைக்கு, வார்ல்பி இடைத்தேர்தலில் தோற்றால் அன்றைக்கே பதவி விலகுவேன் என்று டி.வி.யில் வேறு சொல்லித் தொலைத்துவிட்டார். யார் கேட்டார்கள் இவரை?

அவஸ்தை முழுக்க வார்ல்பியில் கட்சி ஏஜென்டாக இருந்த கிளெனிஸ் ஹார்டகருக்கு. மழையில் நனைந்துகொண்டு வீடு வீடாகக் கதவு தட்டியவள் அவள். "உங்க வேட்பாளர் தங்கமான பொண்ணும்மா. அந்த ஸ்டாக்டேல் மூஞ்சியை நெனச்சாத்தான் ஓட்டுப் போட மனசு வரல" என்று வாசலுக்கு வாசல் கேட்டுக் காது புளித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை, ஊர் விளையாட்டரங்கில் எண்ணினார்கள். இரண்டு கட்சியும் சமம். மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் சமம்! கிளெனிஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாக்கி இருந்தது சந்தேகத்துக்குரிய ஒரே ஒரு வாக்குச்சீட்டு.

தேர்தல் அதிகாரி மிஸஸ் ஓல்ட்ராய்ட் அதை மேசைமேல் வைத்தார். கிளெனிஸ் கட்சியின் கட்டத்தில் ஓட்டுக்கு வழக்கமாகப் போடும் பெருக்கல் குறி இல்லை. பென்சிலால் ஒரு கழுதை வரைந்திருந்தது. பெரிய காது, நீள மூக்கு, மூக்கு நுனியில் கண்ணாடி. யாரென்று கேட்கவே வேண்டாம், அச்சு அசல் ஸ்டாக்டேல்.

ஆளுங்கட்சி ஏஜென்ட் ட்ரெவர் மால்ட்பி விழுந்து விழுந்து சிரித்தான். "இது ஓட்டா? வசவு! செல்லாது மேடம்."

"கட்டத்தைத் தாண்டி வால்கூட வெளிய வரல, பாரு. வேற கட்டத்துல ஒரு புள்ளி இருக்கா?" என்று கிளெனிஸ் எகிறினாள்.

"அடிப்பாவி! உங்க தலைவரைக் கழுதைங்கிறான், நீ ஓட்டுங்கிறே! இது அவரா, இல்லையா? அதைச் சொல்லு மொதல்ல."

கிளெனிஸ் வசமாக மாட்டிக்கொண்டாள். ஆமாம் என்றால் வசவு, இல்லை என்றால் கிறுக்கல்.

"நான்தாங்க அது."

திரும்பினால், ஸ்டாக்டேல். தோல்வியை ஏற்றுக்கொண்டு பேசுவதற்காக முதல் ரயிலைப் பிடித்து வந்திருந்தார். குனிந்து சீட்டைப் பார்த்தார்.

"தினம் ஷேவ் பண்றப்ப பாக்கிறேனே, எனக்குத் தெரியாதா? என்னை வேணாம்னு நெனச்சவங்கல்லாம் அடுத்த கட்டத்துல குறி போட்டுட்டுப் போயிட்டாங்க. இவரு, நான் கழுதைன்னு தெரிஞ்சும் என் கட்டத்துலயே கட்டிப்போட்டிருக்காரு. பொதி சுமக்கட்டும்னுதானே?"

அரங்கத்தில் வெடித்தது பாருங்கள் சிரிப்பு! எண்ணிக்கை மேசைகளில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இந்த ஆளா ஊரைத் தூங்க வைத்தார் என்று கிளெனிஸுக்கு நம்பவே முடியவில்லை.

மிஸஸ் ஓல்ட்ராய்ட் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "அடையாளம் ஒரே கட்டத்துலதான் இருக்கு. செல்லும்."

ஒரு ஓட்டில் ஜெயம்! கிளெனிஸ் தலைவரைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்று சுற்றியே விட்டாள்.

ஓரமாக நின்று ட்ரெவர் லண்டனில் தன் கட்சித் தலைமையகத்துக்குப் போன் போட்டான். "தொகுதி போனா போகட்டும் சார், விடுங்க. இங்க நம்ம ஆளுங்களே அவருக்குக் கை தட்டுறாங்க சார்."