பதினொரு வரி

காது மருத்துவமனையில் இலவசக் காது மெஷினுக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியல் கணினியில் ஒரே ஒரு கோப்பில் இருந்தது. யார் பெயர் கொடுத்தாலும் கடைசியில் ஒரு வரி சேர்ப்பார்கள்: பெயர், தெரு, கதவு எண். தேதி கிடையாது, வரிசை எண் கிடையாது. மேலே இருப்பவர் முன்னால் வந்தவர், அவ்வளவுதான். இந்த அருமையான ஏற்பாட்டைச் செய்த புண்ணியவான் வேறு வேலைக்குப் போய் வெகுநாளாகிவிட்டது.

பட்டியல் நானூற்றுப் பன்னிரண்டு வரிக்கு வளர்ந்திருந்தது. அதில் பாதி, வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்தது. போன் எடுப்பவள்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"நான் என்ன பண்ணட்டும்? பேரைச் சொல்றாங்க, தெருவைச் சொல்றாங்க, வெச்சுடறாங்க. ஏற்கெனவே இருக்குன்னு தொண்டை கிழியச் சொன்னாலும் அந்தப் பக்கம் காது கேட்டாத்தானே?" என்றாள் ரேடியோ. விட்டுப்போய்விட்டது என்று நாளைக்குத் தன் தலையை உருட்டக்கூடாதே என்று, ஒவ்வொரு தடவையும் ஓர் எழுத்துகூட மாறாமல் தட்டி வைத்துவிடுவாளாம். அதிலும் நியாயம் இருந்தது.

நாற்பது மெஷின்கள் வந்து இறங்கியதும் மேனேஜருக்கு அவசரம் பிடித்துக்கொண்டது. கோப்பைப் பதிவு மேசையில் இருப்பவளுக்கு மின்னஞ்சலில் அனுப்பி, மதியத்துக்குள் சுத்தம் செய்து முதல் நாற்பது பேரைக் கொடுக்கச் சொன்னார். அவளுக்குக் கணினி வேலை கொஞ்சம் கைவரும். கோப்பைப் படி, வரிகளை அகர வரிசையில் அடுக்கு, ஒன்றைப் போலவே அடுத்தது இருந்தால் விட்டுவிடு, மிச்சத்தை எழுது என்று நான்கே வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிட்டாள். கண் மூடித் திறப்பதற்குள் இருநூற்று ஆறு வரிகள் நின்றன. மேனேஜர் எட்டிப் பார்த்து, இத்தனை நாள் இதைச் செய்யாமல் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டார். அவர் பாராட்டுவது அப்படித்தான்.

முதல் நாற்பதை அச்செடுத்தவள் ஏழாவது வரியில் நின்றுவிட்டாள். அவளுடைய மாமனாரின் பெயர். அவர்கள் தெரு, அவர்கள் கதவு எண்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பெயர் கொடுக்கட்டுமா என்று இரண்டு வருடத்துக்கு முன்பே கேட்டுப் பார்த்திருந்தாள். எனக்கெதற்கு அது, கேட்டவரைக்கும் போதும் என்று கையை ஆட்டிவிட்டார் மனிதர். அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் கத்தல்தான் பேச்சு. அவள் கணவன் சாப்பிடும்போது அப்பாவிடம் பேசுவதையே விட்டுவிட்டான். பேத்தி தாத்தாவிடம் சைகையோடு நிறுத்திக்கொள்கிறாள். இப்போது எப்படியோ பெயர் வந்திருக்கிறது, அதுவும் ஏழாவதாக. சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தச் சந்தோஷம் தாளின் அடிவரைதான். நாற்பது பெயர்களும் அ-விலும் ஆ-விலும் தொடங்கின. அடுக்கச் சொன்னாள், ஸ்கிரிப்ட் அடுக்கிவிட்டது. யார் முன்னால் வந்தவர் என்பது துடைத்துப்போட்டாற்போல் போய்விட்டது. வாராவாரம் வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, தன் முறை எப்போது என்று விரலாலேயே கேட்டுவிட்டுப் போகும் தையல்காரரின் பெயர் வ-வில் தொடங்குவது. அவர் நூற்றுத் தொண்ணூறுக்கு அப்பால் கிடந்தார்.

மேனேஜர் கவனிக்கவில்லை. தாளை அப்படியே கொடுத்துவிட்டால் கேட்பார் இல்லை, வீட்டிலும் கத்தல் ஓயும். அவள் மனசு அந்தப் பக்கம் சாய்ந்தது உண்மை. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கால் மணி நேரம் வேறு வேலை பார்ப்பதுபோல் பாவனை செய்தாள். பிறகு தன்னையே திட்டிக்கொண்டு, மின்னஞ்சலில் இருந்த பழைய கோப்பைத் திறந்தாள்.

முதலில் மாமனாரைத்தான் தேடினாள். நூற்று மூன்றாவது வரியில் இருந்தார். நூற்று நாற்பதில் இருந்தார். அதற்குப் பிறகும் இருந்தார். மொத்தம் பதினொரு தடவை. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பதில் கேட்காத போனில் பெயரையும் தெருவையும் சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஸ்கிரிப்ட்டில் அடுக்கும் வரியை எடுத்தாள். முதலில் வந்ததை வைத்துக்கொள், மறுபடி வந்தால் விடு என்று மாற்றினாள். தையல்காரர் மூன்றாவதாக வந்தார். மாமனார் ஐம்பத்தெட்டு. புதுத் தாளை மேனேஜரிடம் கொடுத்து, முதலில் எடுத்தது தப்பு என்றும் சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவளுக்கு இந்த விஷயத்தைக் கத்திச் சொல்ல மனம் வரவில்லை. ஒரு தாளில் எழுதி நீட்டினாள். பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது மாமா, ஐம்பத்தெட்டாவது. இப்போது நாற்பது பேருக்குத்தான் வந்திருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க வேண்டும்.

அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தார். குட்டு வெளிப்பட்டதில் முகம் ஒரு மாதிரி ஆனது. பதினெட்டு இடத்தில் போயிற்றே என்று கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் விரல் முதல் வரியைவிட்டு நகரவே இல்லை.

"அப்ப என் பேரு பதிஞ்சிருக்காம்மா?" என்றார். "அந்தப் பக்கம் யாராவது எடுத்தாங்களான்னே எனக்குத் தெரியலை."