திருஷ்டி கழித்த ரம்புட்டான்

மகள் ஜெசிந்தாவுக்குப் பிரசவம் பார்க்கப் பினாங்குக்குப் போன சவுரியம்மாள், ஊர் திரும்பும்போது தங்கம் கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. ஒரு ரம்புட்டான் கன்று கேட்டாள். மயிர் முளைத்த அந்தச் சிவப்புப் பழத்தை முதல் நாள் கையில் வாங்கவே கூசியவள்தான். ஒன்றைத் தின்று பார்த்த பிறகு கூடையை விட்டு நகரவில்லை.

ஆசைக்குக் காரணம் பழம் மட்டுமில்லை. விழுப்புரம் பக்கம் கெடாரில் அவளும் புருஷன் விருத்தாசலமும் ஆயுசு முழுக்க அடுத்தவர் இடத்தில் குடிசை போட்டுக் கன்று நட்டவர்கள். நட்டது காய்ப்பதற்குள் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். போன வருஷம்தான் அவள் பேருக்கு வீட்டுமனைப் பட்டா வந்தது. சொந்த மனையில் வைக்கும் முதல் மரம், ஊரில் யார் வீட்டிலும் இல்லாத மரமாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு வீம்பு. இத்தனை வருஷம் கழித்து வருகிற வீம்பு கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும்!

மருமகன் அலெக்ஸ் தங்கமான பிள்ளை. இந்தியாவின் இறக்குமதி அனுமதி, செடிக்கு நோய் இல்லை என்று மலேசியாவின் சான்றிதழ், எல்லாவற்றையும் அலைந்து திரிந்து வாங்கினான்.

"அத்தே, ஒண்ணே ஒண்ணு. வேருல ஒரு பொட்டு மண்ணு இருக்கக் கூடாது. இருந்தா சென்னையிலயே புடுங்கிக்குவாங்க."

சவுரியம்மாள் பேத்தியைக் குளிப்பாட்டிய கையோடு கன்றையும் குளிப்பாட்டினாள். சல்லிவேரைக்கூட விடாமல் நீவி அலசி, ஈரக் காகிதத்தில் சுற்றினாள். அதிகாரிகளும் பார்த்துவிட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

புறப்படும் அன்று அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து, "கன்னு என்னா அழகு!" என்று ஆளுக்கொரு முறை சொல்லிவிட்டுப் போனார்கள். அங்கேதான் வந்தது வினை. பேத்திக்குச் செய்ததைப் போலவே, வந்தவர்களின் காலடி மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து, காய்ந்த மிளகாயோடு துணியில் முடிந்து, கன்றின் தண்டில் கட்டிவிட்டாள். மருமகன் வேரைப் பற்றித்தானே சொன்னான்?

சென்னை விமான நிலையத்தில், செடிகளைச் சோதிக்கும் மேசை எங்கே என்று அவளே விசாரித்துப் போய்க் கன்றை வைத்தாள். அஸ்வினி என்ற இளம் அதிகாரி காகிதங்களைப் பார்த்தாள், வேரைப் பிரித்துப் பார்த்தாள், "ரொம்ப சுத்தமா இருக்கும்மா" என்றாள். சவுரியம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் அந்த முடிச்சு கண்ணில் பட்டது.

"இது என்ன?"

"திருஷ்டிக்குங்க மேடம்."

அஸ்வினி அவிழ்த்தாள். "மண்ணு இருக்கே!"

"அது மண்ணு இல்லீங்க, திருஷ்டி."

"எனக்கு மண்ணுதாம்மா. மண்ணோட வந்த செடிய விட முடியாது."

சவுரியம்மாள் கன்றை இறுகப் பிடித்துக்கொண்டாள். "மண்ண எடுத்துக்கோங்க மேடம், செடிய வுட்டுருங்க. எம் மனையில வெக்கிற மொத மரம். அவரு அங்க குழி வெட்டி வெச்சிக்கினு குந்தியிருக்காரு" என்றவள் அழுதே விட்டாள்.

அஸ்வினி உள்ளே போய் மேலதிகாரியிடம் பேசிவிட்டு வந்தாள். "முடிச்சு தனியா இருந்திருக்கு, வேர்ல படல. நீங்களே கொண்டாந்து காட்டிட்டீங்க. மருந்து அடிச்சு செடியத் தர்றோம். முடிச்சு மட்டும் வெளிய போகாது. நெருப்புல போட்டு எரிச்சுடுவோம்."

"நெருப்புலயா?" சவுரியம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "எம் மவராசி! திருஷ்டி மண்ண நெருப்புலதாம்மா போடணும்! வூட்டுக்குப் போயி அடுப்புல போடலாம்னு இருந்தேன். போடறதுக்கு முன்ன செடிய மூணு சுத்து மட்டும் சுத்திருங்க."

அதற்குச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை போலும். அஸ்வினி முடிச்சைப் பையில் போட்டு மூடினாள். இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, கையுறை போட்ட கையால் கன்றைச் சுற்றி மூன்று சுற்று சுற்றினாள். மூன்றாவது சுற்றில் அவளுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

வீட்டில் இருப்புக்கொள்ளாத விருத்தாசலம் திண்டிவனத்துக்கே வந்து நின்று, அவள் வந்த பேருந்தில் ஏறிக்கொண்டார். பேத்தியின் படங்களைப் பார்த்து முடித்ததும் கன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எத்தினி வருசத்துல காய்க்கும்?"

"நாலஞ்சு வருசம் ஆவுமாம்."

"அவ்ளோ நாளா?" பழைய பழக்கத்தில் அவர் முகம் சுருங்கியது.

"ஆவட்டுமே. இனிமே நம்மள யாரு காலி பண்ணச் சொல்லப் போறாங்க?"

 விருத்தாசலம் பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டுச் சிரித்தார்.