வெள்ளைச் சட்டையில் ஷாஃப்ட் வாங்கப் போனவன்

ஜெரோம் யாரையும் நம்ப மாட்டான் என்று மேட்டுப்பாளையத்தில் யாராவது சொன்னால், அது அவனைக் குறைத்துச் சொல்வதாகும். காங்கேயத்துக்கே போய், கண் முன்னால் எண்ணெய் ஆட்டி வாங்கிவந்தவன், வீட்டுக்கு வந்த பிறகு தேங்காய் மேல் சந்தேகப்பட்டான். பெண் பார்க்கப் போன இடத்தில், "போட்டோவுல இருக்கறது நீங்கதானுங்களா?" என்று பெண்ணிடமே விசாரித்தான். முப்பத்தொரு வயதாகியும் கல்யாணம் ஆகாததற்கு அதுதான் காரணம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். தப்பித்துவிட்டோம் என்று அவன் சொன்னான்.

அவனிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. மலையில் பாக்குத் தோப்புகளுக்கு மேலே இருக்கும் ஒரு சிற்றூரிலிருந்து பதினோரு பிள்ளைகளைத் தினமும் கீழே பள்ளிக்குக் கூட்டிவந்து, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவது அவன் வேலை. அந்தப் பாதையில் பஸ் வராது, ஆட்டோ வராது, ஆடுகூட யோசித்துத்தான் வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, வண்டிக்கடியில் 'டங்' என்றது. இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் ரெண்டாக முறிந்து கிடந்தது. முன்சக்கரத்து ஷாஃப்ட் போன மழைக்காலத்திலேயே வளைந்துவிட்டதால் வண்டி நகரவில்லை. டிராக்டர் வைத்து இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தான்.

ராத்திரிச் சோற்றுக்கு முன்பே பெற்றோர் சங்கத் தலைவர் ஆறுச்சாமி போன் செய்துவிட்டார்.

"ஏனுங்க ஜெரோம், திங்கக்கிழமை ஏழு மணிக்கு வண்டி வந்துருமுங்களா?"

"வந்துருமுங்க."

"வரலீன்னாலும் பரவால்லீங்க. நீங்க சங்கடப்படாதீங்க. கிருபாசங்கரு புது வண்டி வெச்சிருக்காப்ல. அவருகிட்டயே மொத்தமா சொல்லிப்போடறனுங்க."

வேலையை விட்டுத் தூக்குவதைக்கூட மரியாதையாகச் செய்கிற ஊர் அது. திங்கட்கிழமை ஏழு மணிக்கு ஜீப் மலையேறாவிட்டால் அவனுக்குப் பிழைப்பு இல்லை.

சனிக்கிழமை காலை ஜெரோம் ஏமாறாமல் இருக்கத் தயாரானான். அழுக்குச் சட்டையில் போனால் இளிச்சவாயன் என்று நினைப்பார்கள். அதனால் வெள்ளைச் சட்டை, கறுப்பு ஷூ. நகத்தில் கிரீஸ் இருந்தால் அவசரக்காரன் என்று தெரிந்துவிடும். அதனால் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவினான். முறிந்த ஷாஃப்டைக் கையில் தூக்கிக்கொண்டு போனால் விலையை ஏற்றிவிடுவார்கள். அதனால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, வண்டிக்கு ஜாக்கி வைத்துத் தூக்கி, ஷாஃப்ட் உட்காரும் இடைவெளியை அளந்து நோட்டில் எழுதிக்கொண்டான். தோல் பையில் ஒரு காந்தம், கனம் அளக்க ஒரு வெர்னியர், ஒரு பூதக்கண்ணாடி. பஸ் ஏறிக் கோயமுத்தூர் போனான்.

உதிரிபாகக் கடை வீதியில் முதல் கடை சாஜித்துடையது. அலமாரியில் ஷாஃப்ட் பெட்டிகள் வரிசையாக நின்றன.

"இது ஒரிஜினல்தானுங்களா?" என்றான் ஜெரோம்.

"பெட்டியிலயே போட்டிருக்குதுங்க."

"பெட்டியில எது வேணா போடலாமுங்க." பூதக்கண்ணாடியை எடுத்து முத்திரைச் சீட்டைப் பார்த்தான். காந்தத்தை ஒட்டினான். "யாருகிட்ட வாங்கறீங்க? எத்தன நாளா விக்கறீங்க? பில் புக்கைக் கொஞ்சம் காட்டுங்க."

சாஜித் எழுந்து நின்றான். ஃபேன் இவன் பக்கம் திரும்பியது. டீ வந்தது. டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே ரோஸ்மில்க் வந்தது. இவ்வளவு உபசாரம் செய்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று ஜெரோம் முடிவுகட்டினான்.

"சார் எந்தக் கம்பெனியில இருந்து வாரீங்க?" என்று சாஜித் மெதுவாகக் கேட்டான்.

வேவு பார்க்கிறான். ஜெரோம் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அது உங்களுக்கு எதுக்குங்க?"

சாஜித் சிரித்தான். பிறகு திரும்பி, அலமாரியை ஒரு பழைய பேனர் துணியால் மூடினான். "சார், நாங்க ஷாஃப்ட் விக்கறதே இல்லீங்க. அது சும்மா அழகுக்கு."

இரண்டாவது கடைக்குப் போனபோது, அலமாரித் தூசியில் நீளநீளமாகப் பெட்டி வைத்திருந்த தடம் மட்டும் இருந்தது. கடைக்காரர் தாங்கள் சீட் கவர் மட்டும்தான் விற்பதாகச் சொல்லி, ஒரு ரோஸ்மில்க் கொடுத்தார். மூன்றாவது கடை பாதி ஷட்டரில் நின்றது. "துக்கமுங்க" என்றார் உரிமையாளர். பின்னால் யாரோ பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரே வீதியில் மூன்று கடையிலும் ஒரே சாமான் இல்லையென்றால் அது தற்செயல் இல்லை. எவனோ முன்கூட்டியே வந்து மொத்தத்தையும் வாங்கிப் பதுக்கியிருக்கிறான். ஜெரோம் கிருபாசங்கருக்கு போன் போட்டான்.

"ஜெரோமுங்களா? நல்லா இருக்கீங்களா? சாப்டாச்சுங்களா?"

இதைவிட ஆதாரம் வேண்டியதில்லை என்று ஜெரோம் போனை வைத்தான்.

பகல் பன்னிரண்டு மணிக்கு ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையைத் தேடிக் கண்டுபிடித்தான். ஷாஃப்ட் செய்து கொடுக்கும் பட்டறை. நடத்துகிறவர் சித்திகா. நாற்பத்தைந்து வயது இருக்கும். முக்காட்டுக்கு மேல் பாதுகாப்புக் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார். இவன் வாய் திறப்பதற்குள் போனை நீட்டினார்.

"இது நீங்கதானுங்களே, சார்?"

கடைக்காரர்கள் குரூப்பில் வந்த படத்தில் ஜெரோம் ரோஸ்மில்க் குடித்துக்கொண்டிருந்தான். கீழே எழுதியிருந்தது: 'டூப்ளிகேட் பிடிக்கிற ஆபீசர் வீதியில் இருக்கிறார். வெள்ளைச் சட்டை, தோல் பை, காந்தம். சாதாரண ஆள் மாதிரி விலை கேட்பார். ஜாக்கிரதை.'

"நான் ஆபீசர் இல்லீங்க. ஜீப் ஓட்டறவன்."

"ஆபீசருங்க எல்லாம் மொதல்ல அப்படித்தானுங்க சொல்றாங்க. போன மாசம் ஒருத்தர் வந்து, நான் கடைஞ்ச சாமானத்தையே டூப்ளிகேட்டுன்னு தூக்கிட்டுப் போனாரு. எம் பேரைப் போட்டு நான் செஞ்சது எப்படிங்க டூப்ளிகேட் ஆகும்? சரி, கையக் காட்டுங்க சார்."

காட்டினான். டாக்டர் கை மாதிரி இருந்தது.

"ஒடைஞ்ச ஷாஃப்ட் எங்கீங்க?"

"ஊட்டுல இருக்குதுங்க."

"ஷாஃப்ட் வாங்க வாரவரு அதைய எதுக்குங்க ஊட்டுல வெச்சுப்போட்டு வந்தீங்க?"

"ஏமாத்திப்போடுவாங்கன்னுதானுங்க."

சித்திகா தலையை ஆட்டிவிட்டு லேத் பக்கம் திரும்பினார்.

விசாரித்துக்கொள்ளச் சொல்லி ஜெரோம் ஆறுச்சாமியின் நம்பரைக் கொடுத்தான். சித்திகா தன் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டு, "ஐயா, ஜெரோம்னு ஒருத்தர் உங்க ஊர்ல ஜீப் ஓட்டறாருங்களா?" என்று கேட்டார். முன்பின் தெரியாத பெண் குரல், பின்னால் மெஷின் சத்தம். ஆறுச்சாமி அதை பாக்கி வசூலிக்கிற லோன் கம்பெனி என்று நினைத்தார்.

"அப்படி யாரையும் தெரியாதுங்களே அம்மணி" என்று மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"ஆறு மணிக்குப் பட்டறைய சாத்திருவேன், சார்" என்றார் சித்திகா.

மறுபடி பஸ். வீட்டுக்குப் போய், முறிந்த ரெண்டு துண்டையும் சாக்கில் போட்டான். வண்டிக்கடியில் படுத்து, வளைந்த முன்பக்கத்து ஷாஃப்டையும் கழற்றிச் சேர்த்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினான். கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்து, திறக்கச் சொல்லி, திறந்ததைப் பார்த்தும் நம்பாமல், பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தார். அஞ்சே கால் மணிக்கு ஆவாரம்பாளையத்தில் இறங்கியபோது வெள்ளைச் சட்டை சட்டையாகவே இல்லை.

சித்திகா சட்டையைப் பார்த்தார். சாக்கை அவிழ்த்துத் துண்டுகளைப் பொருத்தி வைத்து, நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"தம்பி, ஜாக்கி போட்டா அளந்தே?"

'சார்' போய்த் 'தம்பி' வந்ததை ஜெரோம் கவனித்தான். கூடவே 'ங்க'வும் போயிருந்தது. காலையிலிருந்து முதல் தடவையாக யாரோ அவனை ஜீப் ஓட்டுகிறவனாக நடத்துகிறார்கள்.

"ஆமாங்கக்கா."

"ஜாக்கி போட்டா சக்கரம் தொங்கும், இடைவெளி கூடக் காட்டும். இங்க பாரு, இத்தன நாளும் உள்ள ஓடித் தேஞ்ச பளபளப்பு இதுவரைக்கும்தான் இருக்குது. உன்ற கணக்கு முக்கால் இஞ்ச் அதிகம். இந்த நீளத்துல ஷாஃப்ட் போட்டு, பசங்கள ஏத்திக் குழியில எறக்கினா, அது நேரா போய் கியர்பாக்ஸைக் குத்தும்."

அந்தத் தப்பு அளவிலேயே சாஜித் கடையில் ஒரு ஷாஃப்ட் பெட்டி இருந்தது. தன்னை ஆபீசர் என்று நினைக்காமல் விற்றிருந்தால், திங்கட்கிழமை மலைப் பாதையில் பதினோரு பிள்ளைகளோடு என்ன ஆகியிருக்கும் என்று ஜெரோம் நினைத்துப் பார்த்தான். உடனே இன்னொன்றும் தோன்றியது. இந்த அம்மா இதைச் சொல்வது தன் பட்டறையிலேயே வேலை கொடுக்க வைப்பதற்காக இருக்குமோ?

"ஆகுமுங்களாக்கா, திங்கக்கிழமைக்குள்ள?"

"நாளைக்கு லீவு. உனக்காக வந்து ரெண்டையும் முடிச்சுத் தாரேன். சாயங்காலம் வந்து வாங்கிக்கோ."

"நான் கூடவே நின்னு பாக்கட்டுங்களா?"

சித்திகா கண்ணாடியைக் கீழே இறக்கினார். "ஏனுங்க சார், மறுபடி ஆபீசர் ஆயிட்டீங்களா?"

ஜெரோம் மூன்று துண்டு இரும்பையும் அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தான். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பொருளைக் கண் மறைவில் விட்டுவிட்டு நடந்தான். பஸ் ஸ்டாப் வரைக்கும் நாலு தடவை திரும்பிப் பார்த்தான். ஞாயிறு சாயங்காலம் வாங்கி வந்து, ராத்திரியோடு ராத்திரியாக மாட்டினான்.

திங்கட்கிழமை சரியாக ஏழு மணிக்கு ஜீப் மேலே போய் நின்றது. பிள்ளைகள் ஏறினார்கள். முதல் வளைவில் ஜெரோம் நிறுத்தி, இறங்கி, அடியில் படுத்துப் பார்த்தான். ஷாஃப்ட் நன்றாக இருந்தது. இரண்டாம் வளைவிலும் நிறுத்தினான். நன்றாக இருந்தது. அவன் முகம் வாடிக்கொண்டே போனது. ஆறாவது வளைவில் படுத்துவிட்டு எழுந்தபோது, ஏழாம் வகுப்பு அன்புச்செல்வி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"ஏனுங்கண்ணா, ஒடையலீன்னு வருத்தமுங்களா?"

ஜெரோம் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தான்.

"வருத்தமில்ல கண்ணு. ஏன் ஒடையலீன்னுதான் புரியல."