தீர்ந்தது என்று எழுதித் தரமாட்டேன்

டெக்சாஸ் சிறையில் பார்வையாளர் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மனைவியைச் சரியாகப் பார்க்க நெடுஞ்செழியன் தலையைச் சாய்க்க வேண்டியிருந்தது. வலது கண் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே வந்தது. குடித்துவிட்டு கார் ஓட்டி ஒருவரின் காலை முறித்ததற்குத்தான் இந்தச் சிறை. அதை அவன் மறுக்கவில்லை. ஆனால் கண் அழுத்தத்துக்கான சொட்டு மருந்தையும் நிறுத்து என்று எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதவில்லையே!

கயல் கண்ணாடியோரம் இருந்த போனை எடுத்ததும் வெடித்தாள். "லாயர் கேஸ் ஃபைல் பண்ண மாட்டேங்கிறார். உள்ள புகார் எழுதிக் குடுத்தாரான்னு கேக்குறார். குடுத்தீங்களா?"

"நர்ஸ்கிட்ட சொன்னேன், ஆபீசர்கிட்டயும் சொன்னேன். எழுதிக் குடுத்தா பகைச்சுக்கிட்ட மாதிரி ஆயிடும், கயல்."

"வாயால சொன்னது செல்லாதாம். கெடுவுக்குள்ள எழுதணும். ஜெயில்ல முடியாதுன்னா அங்கயே மேல அப்பீல் பண்ணணும். அதுக்கும் முடியாதுன்னாதான் கோர்ட்டு. இல்லன்னா கேஸை வாசல்லயே தூக்கிப் போட்டுருவாங்க."

நெடுஞ்செழியன் தலைகுனிந்தான். வெளியே ரவுண்ட் ராக் ஊரில் வேலை பார்த்த அலுவலகத்தில் மேனேஜர் எதைத் தலையில் கட்டினாலும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டவன் அவன். அங்கே அதற்கு நல்ல பிள்ளை என்று பெயர். இங்கே அதே குணம் கண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது.

"உங்க நல்ல பேரைக் கண்ணுல ஊத்திக்க முடியுமா?" என்றாள் கயல்.

அன்றே எழுதிக் கொடுத்தான். இரண்டொரு நாளில் ஆபீசர் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். மருந்து திங்கட்கிழமை வந்துவிடும், பிரச்சினை தீர்ந்தது என்று ஒரு கையெழுத்துப் போட்டுவிடு, மேலே போவானேன் என்றார். பழக்க தோஷம், நெடுஞ்செழியனின் கை பேனாவை வாங்கிவிட்டது. கையெழுத்து விழுந்தால் புகார் அத்தோடு முடிந்துவிடும் என்பது அப்புறம்தான் உறைக்க, அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மருந்து கண்ணில் விழுந்த பிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்று பேனாவைத் திருப்பி நீட்டினான்.

திங்கட்கிழமை வந்தது, மருந்து வரவில்லை. சிறை நூலகத்தில் அவன் பார்த்துவந்த வேலையைப் பறித்து அவனைக் கழிவறை கழுவ அனுப்பினார்கள். புகாருக்கு முடியாது என்று பதில் வந்தது. கெடு முடியுமுன் அப்பீல் செய்தான். அதற்கும் முடியாது என்றார்கள்.

அடுத்த முறை கயல் வந்தபோது அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டு பதிலையும் லாயருக்கு அனுப்பிட்டேன். வாயால புலம்பினா காத்தோட போயிடும், கயல். உள்ள எழுத்துல கேட்டு, கடைசிப் படி வரைக்கும் ஏறினவனுக்குத்தான் கோர்ட்டு காது குடுக்கும். நான் ஏறிட்டேன். இனி ஃபைல் பண்ணச் சொல்லு!"