மாதாவின் சுண்டுவிரல்

சவரியாயி வருவதாகச் சொல்லியனுப்பிய அன்று, நவமணி மாதா சுரூபத்தை அலமாரியிலிருந்து இறக்கி, முதலில் சுண்டுவிரலைத்தான் பார்த்தாள். ஒட்டு நன்றாகக் கறுத்திருந்தது.

அந்த ரப்பர் தோட்டத்தில் இருந்தது ஒரே ஆலயம். முதல் ஞாயிறு ஈப்போவிலிருந்து கத்தோலிக்கப் பாதிரியார் வந்து பூசை வைப்பார். மூன்றாவது ஞாயிறு மெதடிஸ்டுக்காரர்களின் ஆராதனை. நவமணியின் அப்பா பிச்சைமுத்துவுக்குச் சுரூபம் இருக்கும் இடத்தில் ஜெபம் வராது. சண்டை முற்றாமலிருக்க ஒரு வழக்கம் ஏற்பட்டது. மூன்றாவது ஞாயிறு காலையில் நவமணி மாதாவைத் துண்டில் சுற்றித் தன் வீட்டு அடுப்படிக்குத் தூக்கிவருவாள். ஆராதனை முடிந்ததும் கத்தோலிக்கக்காரி சவரியாயி வந்து வாங்கிப்போவாள். நவமணிக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு மழை நாளில் படியில் வழுக்கி, விரல் உடைந்தது. ரப்பர் மரத்து மங்குக் கிண்ணத்தில் வடிந்திருந்த பாலைத் தொட்டு ஒட்டினாள். வெள்ளையோடு வெள்ளையாகச் சேர்ந்துகொண்டது. யாரிடமும் சொல்லவில்லை.

எண்பத்திரண்டில் தோட்டம் கைமாறியது. கடைசி ஞாயிறு மெதடிஸ்டுக்காரர்களின் முறையாகப் போயிற்று. ஆராதனை முடியுமுன்பே சவரியாயியின் மகன் லாரியோடு வந்து தாயை ஏற்றிப்போய்விட்டான். மாதா பிச்சைமுத்துவின் சாமான்களோடு ஈப்போ பக்கத்துச் சிலிபினுக்கு வந்தாள். “அடுத்தவங்க பொருளு. பத்திரமா இருக்கட்டும்” என்றதோடு சரி, இரண்டு வருடமாக அவர் அந்த அலமாரியைத் திறக்கவில்லை.

சவரியாயி வந்தாள். காதில் தோடு இல்லை.

“என்னா அத்தை, காது மூளியா இருக்கு?”

“மவன் பெந்தகொஸ்தே சபைக்குப் போறான்லா. அங்க நகை ஆகாது. என்னையும் தண்ணியில முக்கி எடுத்துட்டாங்க. கொழந்தையில தலையில ஊத்துன தண்ணி பத்தலையாம்.”

“எங்களுக்கும் வெறும் தெளிப்புதான். அப்ப நாங்களும் சேத்தியில்லபோல” என்றார் பிச்சைமுத்து. அவள் சிரித்தாள்.

நவமணி சுரூபத்தைக் கொண்டுவந்தாள். “அத்தை, இந்த வெரலு… நான்தான் ஒடைச்சேன்.”

“தெரியும்மா. பால் காஞ்சா கறுக்கும்னு பால்மரம் வெட்டுனவளுக்குத் தெரியாதா? பூசைக்கு முன்னாடி மாசாமாசம் சுண்ணாம்பு தடவுனது யாரு?”

சவரியாயி விரலைத் தடவினாள். ஆனால் சுரூபத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

“வீட்டுக்குக் கொண்டுபோனா அவன் ஒடைச்சிருவான். ஒங்க வீட்டுலயும் ஆகாதுண்ணே. கோயில்ல பெரிய மாதா இருக்கு, இவள ஒரு மூலையில போட்டுருவாங்க. ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

பிச்சைமுத்து எழுந்துபோய் அலமாரிக் கதவைத் திறந்துவைத்தார்.

“மூனாவது ஞாயிறு இங்க வீட்டு ஜெபம். அன்னைக்கு இது அடுப்படிக்குப் போயிரும், பழைய மாதிரி. மவன்கிட்ட ஜெபத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு வா. பொய்யில்லையே.”

அந்த ஞாயிறு, கூடத்தில் பாட்டு எழும்பியபோது நவமணி தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனாள். அரிசி டின்மேல் மாதா நின்றாள். சுண்டுவிரலில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த சவரியாயியிடம் ஜெபமாலை இல்லை. கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப்போனது. உதடுகள் கூடத்துப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தன.