பெரட்டும் புரட்டும்

என் அப்பா செல்லசாமிக்கு வேலை போனது ஒரு எழுத்தால். எழுத்து என்றால் கடிதமல்ல. உண்மையிலேயே ஒரே ஒரு எழுத்து.

அப்பா எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் தலைவர். தினமும் காலை ஆறு மணிக்குப் பெரட்டுக்களத்தில் எல்லாரும் கூடி, யாருக்கு எந்த மலையில் வேலை என்று கேட்டுக்கொண்டு போவார்கள்; அதுதான் பெரட்டு. அந்த இடத்துக்குக் கூரை கிடையாது. பூண்டுலோயா மழையோ ஆள் பார்த்துப் பெய்வதில்லை. கூரைக்குத் தகரம் வருகிறது, வருகிறது என்று நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2004இல் அப்பா பொறுமை கெட்டு, தோட்டத்து மேனேஜரான துரைக்கு ஒரு கடிதம் எழுதினார். புதுத் துரை கையெழுத்துக் கடிதம் வாங்கமாட்டார், எல்லாம் பிளொப்பியில் வரவேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார். டவுனில் கந்தப்பன் அண்ணனுடைய கம்யூனிகேஷன் கடையில் டைப் அடிப்பவள் நான்தான், அதனால் நானே அடித்துக் கொடுத்தேன்.

கடையிலும் தோட்டத்து ஆபீசிலும் இருந்தது 'தும்பி' என்ற இலவச மென்பொருள். வெளிநாட்டில் இருக்கும் நாலைந்து யாழ்ப்பாணத்து ஆட்கள் சம்பளமில்லாமல் செய்தது. உள்ளே இருக்கும் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். ஆனால் தும்பிக்கு ஒரு கெட்ட பழக்கம். தெரியாத சொல்லைக் கண்டால், சேமிக்கும்போதும் திறக்கும்போதும் சத்தமில்லாமல் தெரிந்த சொல்லாக மாற்றிவிடும். பெரட்டு அதற்குத் தெரியாது. புரட்டு நன்றாகத் தெரியும்.

பெரிய கிளாக்கர் துரைக்கு வாசித்துக் காட்டிய கடிதம் இதுதான்: "நாலு வருடங்களாகத் தினமும் காலையில் புரட்டு நடக்கிறது. துரை அவர்களும் தவறாமல் புரட்டுக்கு வருகிறீர்கள். புரட்டுக்கு ஒரு கூரை போட்டுத் தாருங்கள்."

மன்னிப்புக் கடிதம் வரும்வரை வேலை இல்லை என்று துரை சொல்லிவிட்டார். அன்றைக்கே அடித்தேன். ஆபீசில் திறந்தபோது அது இப்படி இருந்தது: "நான் புரட்டு என்று எழுதவில்லை, புரட்டு என்றுதான் எழுதினேன்."

"ஐயா, நான் சொல்ல வந்தது பெரட்டுங்க," என்றார் அப்பா.

"வாயால சொன்னதை ஃபைல்ல கோக்க முடியுமா, செல்லசாமி?" என்றார் பெரிய கிளாக்கர்.

அப்பா வீட்டில் உட்கார்ந்தார். விடியற்காலையில் எழும்பி, மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வாசல்வரை போவார், பிறகு திரும்பி வருவார். பார்க்க எனக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது. தும்பிக்காரர்களுக்கு ஒரு பக்கம் முழுக்கத் திட்டி மின்னஞ்சல் அனுப்பினேன்.

ஒஸ்லோவிலிருந்து ஊர்மிளா என்பவர் பதில் போட்டார். தும்பியின் பொறுப்பு அவரிடம் இருந்தது. "தங்கச்சி, ஏசிறது பிழையறிக்கை இல்லை. என்ன செய்தனீங்கள், என்ன வருமெண்டு பாத்தனீங்கள், என்ன வந்தது எண்டு எழுதுங்கோ."

எழுதினேன். செய்தது: பெரட்டு என்று அடித்தேன். எதிர்பார்த்தது: கூரை. வந்தது: புரட்டு, அப்பாவுக்கு வேலையும் போச்சு. ஆனால் அந்த அறிக்கையையும் தும்பியில்தான் அடித்தேன். அவர் கையில் கிடைத்தது, "புரட்டு என்று அடித்தேன், புரட்டு வந்தது." எல்லாம் சரியாத்தானே இருக்குது என்று ஊர்மிளா அந்த அறிக்கையை முடிந்ததென்று மூடிவிட்டார்.

பிறகு ஆங்கில எழுத்தில் அடித்துப் புரியவைத்தேன். அப்படி ஒரு சொல் எங்கட அகராதியில இல்லை, நிரல் திறந்துதானே கிடக்குது, நீங்களே திருத்தி அனுப்புங்கோ என்றார். தேத்தண்ணி கேட்ட விருந்தாளிக்கு அடுப்படியைக் காட்டியதுபோல இருந்தது எனக்கு.

ரோஷத்தில் நிரலைத் திறந்தேன். சொற்பட்டியலின் முதல் வரியில் பெரட்டைச் சேர்த்தேன். பட்டியல் அகரவரிசையில் இருக்கவேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? வரிசை குழம்பிய தும்பிக்கு மற்ற எல்லாச் சொல்லும் மறந்துபோனது. கந்தப்பன் அண்ணன் தன் மகளின் சடங்குக்கு அடித்த அழைப்பிதழ், மேலிருந்து கீழ்வரை பெரட்டு பெரட்டு என்றே அச்சாகிப் போனது. சனங்கள் காலை ஆறு மணிக்கு அவர் வீட்டு முன்னால் வரிசையில் வந்து நின்றார்கள். ஒருவர் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வந்திருந்தார்.

அந்தக் கத்தியைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. கவ்வாத்தும் தும்பிக்குத் தெரியாதே! எங்கள் சொல்லை ஒவ்வொன்றாகச் சேர்த்தால் எனக்குக் கிழவயதாகிவிடும். பிழை சொல்லில் இல்லை, கேட்காமல் மாற்றுவதில் இருக்கிறது. அந்த இடத்தைத் தேடிப் பிடிக்க மூன்று வாரம் ஆனது. மாற்றுமுன் கேட்கும்படி ஒன்பது வரி எழுதினேன்.

ஊர்மிளா திருப்பி அனுப்பினார், இடைவெளிகள் சரியில்லையாம். திருத்தி அனுப்பினேன். மறுபடி திருப்பினார். "இது என்ன சொல்லு?" என்று தும்பியைக் கேட்க வைத்திருந்தேன். அது மரியாதையில்லை என்றார். இரண்டு தடவையும் அவரைச் சபித்தேன். இரண்டாவது தடவை, சபித்து முடித்த பிறகு, அவர் சொல்வது சரிதான் என்று பட்டது. அது எனக்கே பயமாக இருந்தது.

மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டார். புதிய தும்பியில் என் பெயரும் இருந்தது: ஜீவராணி செல்லசாமி, பூண்டுலோயா. கடையில் அதைப் போட்டேன், ஆபீசிலும் நானே போய்ப் போட்டுக்கொடுத்தேன். அப்பாவைப் பக்கத்தில் வைத்து மன்னிப்புக் கடிதத்தை அடித்தேன். திரை கேட்டது: "'பெரட்டு' எனக்குத் தெரியாத சொல். 'புரட்டு' என்று மாற்றட்டுமா?"

அப்பா 'இல்லை'யை அமுக்கினார். "முப்பது வருஷமா இந்தத் தோட்டத்துல என்னையக் கேட்டுச் செஞ்சது இது ஒண்ணுதான்," என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

வேலை திரும்பக் கிடைத்தது. கூரைக் கடிதத்தை மறுபடி கொடுத்தோம். தகரம் வந்துகொண்டிருக்கிறது என்று ஒரே வாரத்தில் பதில் வந்தது.

அன்று பின்னேரம் அப்பா நனைந்த சாக்கோடு கடைக்கு வந்து, இன்னொரு கடிதம் அடிக்கச் சொன்னார். "நாலு வருடங்களாகத் தினமும் காலையில் பெரட்டு நடக்கிறது" என்று முதல் வரியை அடித்தேன். மாற்றட்டுமா என்று தும்பி பணிவாகக் கேட்டது. நான் 'இல்லை'க்கு விரலைக் கொண்டுபோனேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

"மாத்தச் சொல்லு."

"அப்பா, மறுபடி வேலையை நிப்பாட்டிருவாங்க!"

"நிப்பாட்டட்டும். அன்னைக்கு அதுவா சொல்லுச்சு. இன்னைக்கு நான் சொல்றேன்," என்று அப்பா 'ஆம்' என்பதை அமுக்கினார்.